வலியின் பெயரல்ல, இயலாமையின் கணக்கே கேட்கப்படுகிறது: மூட்டுவாதமும் எமது உரிமைக் கொடுப்பனவும்

கோட்-டெ-நெய்ஜ் என்னும் பிரெஞ்சுப் பெயரைத் தமிழாக்கினால் 'பனி படியும் மேட்டுச் சரிவு' என்று பொருள்படும். பெயருக்கேற்ற இடந்தான். மார்கழி தொடங்கிப் பங்குனி முடியும்வரை இப்பகுதியின் ஏற்ற இறக்கமான நடைபாதைகளில் வழுக்காமல் நடப்பது இளையோருக்கே சிரமம். அந்த நடைபாதைகளில் இன்று கைத்தடி ஊன்றிச் செல்வோரிலும், மெற்றோ நிலையத்தின் படிக்கட்டில் இடையிடையே நின்று இளைப்பாறுவோரிலும் எம்மவர் பலர் இருக்கின்றனர்.

1983 யூலை இனவன்செயல்களின் பின்னர் கனடாவை நோக்கி வரத் தொடங்கிய எம்மக்களுக்கு மொன்றியல் ஒரு முதல் வாசலாக இருந்தது. 1986 ஓகஸ்ட் 11ஆந் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். அவர்களிற் பலர் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் வாழ்வைத் தொடங்கினர். அன்று வந்த இளைஞர்கள் இன்று ஓய்வூதிய வயதை எட்டிவிட்டனர். அவர்களின் பின்னர் தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் வந்தோர் இப்பொழுது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நிற்கின்றனர். சபனெல் தெருவின் தையற் தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தவர்கள், உணவகங்களின் பின்கட்டில் நின்ற நிலையிற் கோப்பை கழுவியவர்கள், இரவிரவாக அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தவர்கள் ஆகிய இவர்களின் கைகளும் முழங்கால்களுமே ஊரிலிருந்த குடும்பங்களையும் இங்குள்ள குடும்பங்களையும் தாங்கின. அந்தக் கைகளும் முழங்கால்களும் இன்று இயலாமற் போகும்போது நாட்டின் சட்டம் சில உதவிகளை வழங்குகின்றது. அவற்றைக் கேட்டுப் பெறத் தெரியாமலும், கேட்கக் கூசியும், பிந்திக் கேட்டும் இழப்போர் எம்மிடையே உள்ளமையாலேயே இதனை எழுதுகின்றோம்.

நோய் ஒன்றல்ல

எம்மவர் 'வாதம்' என்ற ஒரே சொல்லால் எல்லா மூட்டு நோவையும் குறிப்பது வழக்கம். வைத்தியமோ அவற்றைப் பலவாகப் பிரிக்கின்றது. கனடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் ஏதோவொரு வகை மூட்டுவாதத்துடன் வாழ்வதாகக் கனடிய மூட்டுவாதச் சங்கம் கூறுகின்றது. ஆகவே இது எமக்கு மட்டும் வந்த சாபமுமல்ல, முன்வினைப் பயனுமல்ல.

பெருவழக்கானது தேய்வு மூட்டுவாதம். மூட்டெலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு கெட்டு, மூட்டு இறுகி நோகும் நிலை இது. முழங்கால், இடுப்பு, விரல் மூட்டுகள் பெரும்பாலும் பாதிக்கப்படும். வயது, பரம்பரை, உடற்பருமன், பழைய காயம் ஆகியவற்றோடு, ஆண்டுக்கணக்காக முழந்தாளிட்டும் பாரந்தூக்கியும் செய்யும் வேலையும் இதற்குக் காரணமாகலாம். மற்றையது முடக்குவாதம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குவதால் வருவது இது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பீடிக்கும். காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக விறைத்துக் கிடப்பதும், இரு கைகளிலும் ஒத்த மூட்டுகள் வீங்குவதும் இதன் அறிகுறிகள். இதனை ஆரம்பத்திலேயே கண்டு உரிய மருந்தைத் தொடங்கினால் மூட்டுகள் சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். நோமாத்திரைகளை மட்டும் விழுங்கிக்கொண்டு நாட்களைக் கடத்தினால் சிதைந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது.

"இந்த நாட்டுக் குளிர்தான் வாதத்தைக் கொண்டு வந்தது" என்று சொல்லக் கேட்கின்றோம. குளிர் நோவைக் கூடுதலாக உணரச் செய்யலாம். நோயை உண்டாக்குவது அதுவன்று. "கோடை வந்தால் மாறிவிடும்" என்று வைத்தியரிடம் செல்வதைப் பின்போடுவோருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

அகதி விண்ணப்பம் முடிவாகாதோரும் வைத்தியரிடம் செல்ல அஞ்ச வேண்டியதில்லை. மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் அவர்களின் வைத்தியர், வைத்தியசாலைச் செலவுகளை ஏற்கின்றது. 2012இல் இத்திட்டம் கடுமையாகக் குறைக்கப்பட்டு, 2016 ஏப்ரலில் மீள நிறுவப்பட்டதை முன்னர் வந்தோர் அறிவர். குறைக்கப்பட்ட காலத்துக் கதைகளைக் கேட்டு இன்று வைத்தியரைத் தவிர்ப்பது வீண்.

கேட்கப்படும் கேள்வி எது?

இனி நாம் சொல்ல விரும்பும் முக்கிய விடயத்துக்கு வருவோம். இயலாமைக் கொடுப்பனவு வழங்கும் எந்த அலுவலகமும் நோயின் பெயரைக் கண்டவுடன் பணம் வழங்குவதில்லை. மூட்டுவாதம் உள்ளவர்களில் மிகப் பலர் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றனர். எனவே அலுவலகம் கேட்பது, இந்த நோயினால் இந்த மனிதரால் எவற்றைச் செய்ய முடியவில்லை, எவ்வளவு நேரம் முடியவில்லை, இனிமேல் முடியுமா என்பதைத்தான். எத்தனை நிமிடம் நிற்கலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், பேனாவைப் பிடிக்க முடியுமா, சட்டைப் பொத்தானைப் போட முடியுமா என்பனவே கேள்விகள்.

எம்மவர் வழக்கமோ இதற்கு நேர் எதிரானது. நோவை வெளியிற் சொல்லாமற் சகிப்பதே பெருமை என்று வளர்ந்தவர்கள் நாம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று வைத்தியர் கேட்டால், "பரவாயில்லை டொக்டர், சமாளிக்கிறன்" என்று மரியாதைக்காகச் சொல்வோம். வைத்தியரோ அதை மரியாதைச் சொல்லாகக் கொள்வதில்லை. 'நோயாளி சமாளிக்கிறார், நிலை சீராக உள்ளது' என்று கோவையில் எழுதுகின்றார். ஈராண்டு கழித்து அதே நோயாளி இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த ஒருவரி அவருக்கெதிரான சாட்சியாக எழுந்து நிற்கும். எக்ஸ்றேப் படமும் எப்பொழுதும் துணைக்கு வராது. படத்தில் சிறு தேய்வு மட்டும் தெரியும் ஒருவருக்குத் தாங்கவியலா நோவு இருக்கலாம். படத்திற் பெருஞ்சிதைவு தெரியும் ஒருவர் ஓரளவு நடமாடலாம். ஆகவே கோவையில் உள்ள எழுத்தே பெரும் பங்கு வகிக்கின்றது.

இன்னொரு சிக்கல் மொழி. பிரெஞ்சோ ஆங்கிலமோ சரளமாக வராத பெற்றோர் மகனையோ மகளையோ அழைத்துச் செல்கின்றனர். கழிப்பறையில் இருந்து எழ முடியவில்லை என்பதையும், சேலை உடுக்கத் துணை வேண்டியிருக்கிறது என்பதையும் ஒரு தாய் தன் பதினைந்து வயது மகனின் வாயால் வைத்தியருக்குச் சொல்வாளா? சொல்லமாட்டாள். சொன்னாலும் மகன் பாதியை விழுங்கிவிடுவான். சுகாதார நிலையங்கள் மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கும் ஏற்பாடு மொன்றியலில் உண்டு. வைத்தியரைச் சந்திக்கும் நாளைக் குறிக்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கிடைக்காவிடில், பிள்ளையைவிட வயது வந்த நண்பரோ உறவினரோ நல்லவர்.

'முழங்கால் நோகிறது' என்பதற்குப் பதிலாக எதைச் சொல்லலாம்? "பத்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்க முடியாது. மெற்றோவுக்கு நடக்கும் வழியில் இரண்டு தரம் இருக்க வேண்டியுள்ளது. படியிறங்கும்போது கைபிடியை விட்டால் முழங்கால் மடிகிறது. இரவில் மூன்று தரம் நோவினால் விழிக்கிறேன். சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்க இரு கையாலும் முடியவில்லை; கடந்த ஆவணிக்குப் பின் மகள்தான் இறக்குகிறாள்." இதில் மிகைப்படுத்தல் எதுவுமில்லை. உள்ளதை அளவோடும் நாளோடும் சொல்வதுதான் இது. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும் நோயானபடியால், ஒரு மாதத்துக்குச் சிறு நாட்குறிப்பு எழுதி வைத்தியரிடம் கொடுப்பது மிக உதவும். அது தமிழில் இருந்தால், பிறரிடம் கொடுத்து மொழிபெயர்ப்பித்துக்கொள்ளலாம்.

எந்த வாசல் யாருக்கு?

கொடுப்பனவு என்று பொதுவாகச் சொன்னாலும் வாசல்கள் பல. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு.

முதலாவது, கியூபெக் ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமை ஓய்வூதியம். 1966 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தை 2016 முதல் 'ரெத்ரெற் கியூபெக்' என்னும் அரச நிறுவனம் நிர்வகிக்கின்றது. 65 வயதுக்குட்பட்ட ஒருவர், கடுமையானதும் நிரந்தரமானதுமான நோயினால், கணிசமான வருமானந் தரும் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ய இயலாதவர் என நிலைநாட்ட வேண்டும். கோப்பை கழுவ முடியவில்லை என்பது மட்டும் போதாது. இருந்தபடி செய்யும் இலகுவான வேலையும் முடியாது என்பதைக் காட்டவேண்டும். 60 வயதைக் கடந்தோருக்கு, வழமையாகச் செய்த வேலையைச் செய்ய இயலாமை என்ற அளவில் நோக்கும் தனி வழி உண்டு. ஆனால் அதற்கு அண்மைக்காலப் பங்களிப்பு கூடுதலாக இருக்கவேண்டும்.

பங்களிப்பு விதியையும் அறிந்துகொள்வோம். பங்களிப்புக் காலத்தின் இறுதி 3 ஆண்டுகளில் 2 ஆண்டுகள், அல்லது இறுதி 10 ஆண்டுகளில் 5 ஆண்டுகள், அல்லது முழுக்காலத்தின் அரைவாசி ஆண்டுகள், அதுவும் குறைந்தது 2 ஆண்டுகள், பணம் செலுத்தியிருக்க வேண்டும். ரொறன்ரோவில் உள்ள எம்மவர் இதற்கு உட்பட்டவரல்லர். அவர்களுக்குரியது கனடா ஓய்வூதியத் திட்டம். அங்கே பொதுவான விதி இறுதி 6 ஆண்டுகளில் 4 என்பது. 2001இல் வில்லானி வழக்கிற் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம், விண்ணப்பதாரரின் வயது, கல்வி, மொழியறிவு, முன்னைய வேலை ஆகியவற்றையும் நடைமுறை உலகில் வைத்து நோக்கவேண்டும் என்று தீர்ப்பளித்ததும் அந்தத் திட்டத்தைப் பற்றியே. ஸ்காபரோவில் உள்ள மைத்துனர் தொலைபேசியிற் சொல்லும் விதி அவருக்குச் சரியாக இருக்கும். கோட்-டெ-நெய்ஜில் உள்ளவருக்குச் சரியென்று கொள்ளவியலாது. கியூபெக் திட்டத்தில் வைத்திய ஆதாரமே முதலிடம் பெறும்.

வேறு நாடுகளில் உழைத்த ஆண்டுகளின் நிலை என்ன? பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளுடன் கியூபெக் சமூகப் பாதுகாப்பு உடன்பாடுகளைச் செய்துள்ளது. இந்தியாவுடனான உடன்பாடு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பாரிசிலோ பேர்ணிலோ சில ஆண்டுகள் சட்டப்படி உழைத்துப் பின் இங்கு வந்தவர்கள் அதனை விண்ணப்பத்தில் மறவாது குறிப்பிட வேண்டும். இலங்கையுடன் அத்தகைய உடன்பாடு இல்லை. கச்சேரியிலோ பாடசாலையிலோ சங்கக்கடையிலோ உழைத்த ஆண்டுகள் இங்கே கணக்கில் வரமாட்டா.

இரண்டாவது வாசல், வேலைத்தல விபத்துக்கும் தொழிற் பிணிக்கும் உரியது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான இப்பொறுப்பு 2016 முதல் 'சி.என்.ஈ.எஸ்.எஸ்.ரி.' என்னும் நிறுவனத்திடம் உள்ளது. இதற்குத் தொழிலாளி எதுவும் கட்டுவதில்லை, செலவு முதலாளிமாருடையது. ஏற்கப்பட்டால் தேறிய வருமானத்தின் 90 சதவீதம் இழப்பீடாகக் கிடைக்கும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் தசைநாண் அழற்சி தொழிற் பிணிப் பட்டியலில் உண்டு. தையல் வேலை செய்தோர் இதனைக் கவனிக்க வேண்டும். தேய்வு மூட்டுவாதத்தைத் தொழிலின் விளைவென நிலைநாட்டுவது கடினம். எனினும் வேலைத்தலத்தில் விழுந்த பின் பழைய தேய்வு மோசமாகியிருந்தால் அதையும் வைத்தியர் எழுத்திற் குறிக்கவேண்டும். கோரிக்கைக்கான கால எல்லை ஆறு மாதம். "முதலாளி நல்ல மனிதர், ஏன் வீண் பகை" என்று இருப்போருக்கு இந்த ஆறு மாதம் விரைவிற் கடந்துவிடும்.

மூன்றாவது, மத்திய அரசின் தொழிற் காப்புறுதியிலுள்ள நோய்க்காலக் கொடுப்பனவு. 600 மணித்தியாலம் காப்புறுதிக்குட்பட்ட வேலை செய்தவருக்கு வைத்தியச் சான்றுடன் கிடைக்கும். 2022 டிசம்பர் 18 வரை 15 வாரமாக இருந்த இது, அதன்பின் 26 வாரமாக நீட்டப்பட்டது. பொதுவாகச் சராசரி வருமானத்தின் 55 சதவீதமும், அதற்குமேல் ஓர் உச்ச எல்லையும் உண்டு. இது தற்காலிக உதவிதான். ஆனால் நீண்டகால விண்ணப்பத்தை ஆயத்தம் செய்யும் அவகாசத்தை அது தரும்.

நான்காவது, எம்மவர் 'வெல்பெயர்' என்றழைக்கும் கியூபெக்கின் கடைசி ஆதார நிதியுதவி. பங்களிப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை. அகதி விண்ணப்பதாரரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் வருமானமும் சொத்தும் கணக்கெடுக்கப்படும். இவ்வுதவியில் உள்ள ஒருவர், வேலை செய்யும் ஆற்றல் கடுமையாகக் குறைந்தவர் என வைத்திய அறிக்கையால் ஏற்கப்பட்டால் மாதத்தொகை உயரும். இதில் நோயோடு கல்வி, தொழில் அனுபவம் ஆகியவற்றையும் சேர்த்து நோக்கச் சட்டம் இடமளித்து வந்துள்ளது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வாழ்நாள் முழுவதும் உடலுழைப்பையே செய்தவர் அதனை மறைக்காது எழுதவேண்டும். கடுந்தடை உள்ளவராக முந்திய 72 மாதங்களில் 66 மாதம் உதவி பெற்றோருக்கென 2023 ஜனவரியில் அடிப்படை வருமானத் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. 2024இல் நிறைவேறிய புதிய சட்டம் இவ்வுதவி முறையைப் படிப்படியாக மாற்றுவதால், அயலவர் வைத்திருக்கும் பழைய படிவத்தைப் பிரதி எடுக்காது அலுவலகத்திற் புதியதைக் கேட்டுப் பெறுக.

ஐந்தாவது, வருமான வரியோடு சேர்ந்தது. 'ரி-2201' என்னும் படிவத்தின் மூலம் மத்திய அரசின் இயலாமை வரிச்சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். நடப்பது, உடுப்பது, உண்பது போன்ற அன்றாடச் செயலொன்றைச் செய்ய முடியாமலோ, அதே வயதினரைவிட மிக நீண்ட நேரம் எடுத்தோ இருக்கும் நிலை பெரும்பாலான நேரமும் நிலவி, 12 மாதமேனும் நீடிக்க வேண்டும். நடப்பது பற்றிய பகுதியை உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் சான்றுபடுத்தலாம் என்பது பலர் அறியாதது. இச்சலுகை ஏற்கப்பட்ட 18 முதல் 64 வயதுவரையான குறைந்த வருமானத்தினருக்கு, 2025 யூலையில் கனடா இயலாமைக் கொடுப்பனவு தொடங்கியது. தொடக்கத்தில் மாதத்துக்கு 200 டொலர்வரை என அது நிர்ணயிக்கப்பட்டது. அகதியாக ஏற்கப்பட்டோர் இதற்கு உரியர். விண்ணப்பம் முடிவாகும்வரை காத்திருப்போர் அந்தக் காரணத்தால் மட்டும் உரியராகார். வருமானம் இல்லாவிடினும் ஆண்டுதோறும் வரிக்கணக்கைச் சமர்ப்பித்தோரே இதனைப் பெறலாம். கணவன் மனைவி இருவரும் சமர்ப்பித்திருக்க வேண்டும்.

காலம் தின்னும் உரிமை

மேற்சொன்னவற்றுள் எம்மவர் அதிகம் இழப்பது முதலாவது வாசலிற்றான். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 1970இற் பிறந்த ஒருவர் 2008இல், தமது 38ஆம் வயதில், மொன்றியலுக்கு வந்தார். அவ்வாண்டிலிருந்து 2019வரை 12 ஆண்டுகள் தொழிற்சாலையில் உழைத்து ஒழுங்காகப் பணம் கட்டினார். 2019இன் இறுதியில் முழங்கால் இயலாமல் வேலையை விட்டார். மனைவியின் சம்பளத்தில் வீடு நடந்தது. "நாளைக்குச் சுகம் வரும்" என்று எண்ணெய் தேய்த்து, மாத்திரை விழுங்கி, வைத்தியரிடம் முறையாகச் செல்லாது இருந்தார். 2025இல் விண்ணப்பிக்க முற்பட்டார்.

பங்களிப்புக் காலம் இயலாமை தொடங்கிய மாதத்தோடு முடிகின்றது. 2019இலேயே இயலாமை தொடங்கியது என்று வைத்திய ஆதாரம் காட்டினால், இறுதி மூன்று ஆண்டுகளும் பணம் கட்டிய ஆண்டுகள், விதி நிறைவேறுகின்றது. ஆதாரம் 2025இலிருந்துதான் உண்டெனில், இறுதி மூன்று ஆண்டுகளும் வெறுமை. இறுதிப் பத்தில் 2016 முதல் 2019வரை நான்கு ஆண்டுகளே உண்டு, ஐந்து வேண்டும். அரைவாசி விதியும் கைகொடாது. அந்தக் காலம் இந்நாட்டுக்கு வந்த நாளிலிருந்தன்றி 18 வயதிலிருந்தே எண்ணப்படுகின்றது. 1988 முதல் எண்ணினால் 37 ஆண்டுகளுக்கு மேல். அவர் கட்டியதோ 12. பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் உரிமை, 2019இல் வைத்தியர் எழுதவேண்டிய இரண்டு பக்கங்கள் இல்லாமையாற் பறிபோகக்கூடும். ஏற்கப்பட்டாலுங்கூட முன்சென்ற காலத்துக்கான நிலுவை 12 மாதத்துக்கு மேற் கிடையாது.

இதைவிடப் பெரிய இழப்பு 'கையிற் காசு' வாங்கிச் செய்த வேலையால் வருவது. கழிவு இல்லை, வரி இல்லை, முழுச்சம்பளமும் கையில் என்று அந்நாளில் அது இலாபமாகத் தோன்றியிருக்கும். ஓய்வூதிய நிறுவனத்தின் ஏட்டிலோ அந்த ஆண்டுகள் யாவும் வெற்றிடங்கள். நோய்க்காலக் கொடுப்பனவுக்கான மணித்தியாலங்களும் இல்லை. இலாபம் முதலாளியுடையதாகவும் நட்டம் தொழிலாளியின் முழங்காலுடையதாகவும் முடிகின்றது. இன்று இருபது முப்பது வயதில் வந்து இறங்கும் புதியவர்களுக்கு மூத்தோர் சொல்லவேண்டிய முதற் புத்திமதி இதுதான்: சம்பளச் சிட்டை தராத இடத்தில் நிலைத்து நிற்காதீர்கள். வேலை அனுமதிப் பத்திரத்தோடு, கழிவு போக வாங்கும் சம்பளம் சிறிதாயினும், அது இரண்டு தரம் பலன் தரும்.

மறுக்கப்பட்டால்

முதல் விண்ணப்பம் மறுக்கப்படுவது அரிதன்று. பிரெஞ்சில் வரும் அந்தக் கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டு மனமொடிந்து போவதே பெருந்தவறு. கடிதத்திற் காரணமும் மீள்பரிசீலனைக்கான கால எல்லையும் எழுதப்பட்டிருக்கும். மீள்பரிசீலனையிலும் மறுத்தால், ஓய்வூதியத்துக்கும் கடைசி ஆதார உதவிக்கும் கியூபெக் நிர்வாக நியாயசபையில் 60 நாட்களுக்குள் முறையிடலாம். 1998 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய இந்தச் சபை, அரச அலுவலகத்தின் முடிவை மாற்றும் அதிகாரம் கொண்டது. அங்கே வைத்தியரின் புதிய அறிக்கையைச் சமர்ப்பிக்கலாம். தாமே நேரில் தோன்றி விளக்கமும் அளிக்கலாம்.

துணைக்கு ஆளில்லை என்று எண்ணவேண்டாம். கோட்-சென்-கத்தரின் வீதியில் உள்ள 'ஜெனிசிஸ் திட்டம்' என்னும் சமூக அமைப்பு 1977 முதல் இப்பகுதி மக்களுக்குச் சமூகநலக் கொடுப்பனவு, ஓய்வூதியம், வீட்டுவாடகை முதலிய உரிமைகளில் வழிகாட்டி வருகின்றது. புரியாத கடிதத்தை எடுத்துச் சென்று விளக்கம் கேட்கலாம். குறைந்த வருமானத்தினருக்கு அரச சட்ட உதவி அலுவலகங்களும் உண்டு. அங்கெல்லாம் செல்லும்போது கடிதம் வந்த உறையையும் கொண்டுசெல்க. திகதிக்கு அது சாட்சி. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் பிரதி எடுத்து வைத்திருப்பது அகதி வழக்கை நடத்திய எம்மவருக்குப் புதிதல்ல. அன்று உயிருக்காகக் காத்த ஒழுங்கை இன்று உடலுக்காகவும் காப்போம்.

கூச்சம் எதற்கு?

இப்பகுதியின் குன்றில் எழுந்து நிற்கும் புனித சூசையப்பர் பேராலயத்துக்கு எம்மவர் சமய பேதமின்றிச் செல்வதுண்டு. அதன் 283 படிகளில் நடுவேயுள்ள 99 மரப்படிகள் முழந்தாளில் ஏறுவோருக்கென ஒதுக்கப்பட்டவை. அங்கே வந்து சுகமடைந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் வரிசையாகத் தொங்குகின்றன. நல்லூரிலும் மடுவிலும் நேர்த்தி வைத்துப் பழகிய எமக்கு இது அந்நியமன்று. நேர்த்தி வைப்பதைக் குறைசொல்ல நாம் வரவில்லை. ஆண்டவனிடம் முழங்காலின் நோவை வாய்விட்டுச் சொல்லும் எம்மவர், அதே நோவை வைத்தியரிடமும் அலுவலரிடமும் ஏன் மறைக்கின்றனர் என்பதே எமது கேள்வி.

"அரசாங்கத்திடம் கையேந்தவா இங்கு வந்தோம்?" என்று கேட்போர் உளர். அந்தத் தன்மானத்தை மதிக்கின்றோம். ஆயின் ஓய்வூதியத் திட்டத்தின் பணம் பிச்சையல்ல. ஒவ்வொரு சம்பளத்திலும் கழிக்கப்பட்ட தொகையும் முதலாளி அதற்கு ஈடாகச் செலுத்திய தொகையும் சேர்ந்த பணம் அது. ஊரிற் சீட்டுக் கட்டியவர் தமது முறை வந்ததும் காசை எடுக்கக் கூசுவதில்லை. கடைசி ஆதார உதவியும் இந்நாட்டு மக்கள் அனைவரும் வரியாகச் செலுத்தும் பணத்தில் நடப்பது. அந்த மக்களுள் எமது பிள்ளைகளும் அடங்குவர். இயலாத ஒருவர் கேளாதிருப்பதால் அரசுக்குச் சேமிப்பு வரலாம். ஆனால் அந்தச் சுமை, இரண்டு வேலை செய்யும் மனைவியின் தோளிலும், படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகும் மூத்த பிள்ளையின் தோளிலும் இறங்குகின்றது. அவர்களின் மூட்டுகளும் ஒருநாள் தேயும்.

ஆகவே மூட்டு நோவோடு வாழும் வாசகர்களுக்கு நாம் சொல்வது இவைதாம். குடும்ப வைத்தியரை அல்லது பகுதிச் சுகாதார நிலையத்தை இவ்வாரமே நாடுங்கள். இயலாதவற்றை அளவோடும் நாளோடும் சொல்லி, அது கோவையில் எழுதப்பட்டதா என்று கேளுங்கள். வேலையை விடுவதற்கு முன், விடும் காரணத்தை வைத்தியரின் எழுத்திற் பதிவு செய்யுங்கள். வேலையை விட்ட பின் கணக்கைப் பார்ப்போம் என்றிருக்காமல், ரெத்ரெற் கியூபெக்கிடமிருந்து பங்களிப்பு விபரத்தைப் பெற்று ஆண்டுகளைச் சரிபாருங்கள். வரிக்கணக்கை ஒவ்வோர் ஆண்டும் சமர்ப்பியுங்கள். பிள்ளைகளே, அம்மாவோ அப்பாவோ "எனக்கு ஒன்றுமில்லை, பரவாயில்லை" என்று சொன்னால், அவர் படியேறும் விதத்தை ஒருதரம் உற்றுப் பாருங்கள். பார்த்ததை எழுதி வைத்தியரிடம் கொடுங்கள்.